அளக்க வருகிறவர் யார்? வருவாய்த் துறைக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
செயலாளர், வருவாய் மற்றும் பேரிடர் மேலாண்மைத் துறை, தமிழ்நாடு அரசு, சென்னை.
இயக்குநர், நில அளவை மற்றும் நிலவரித் திட்டத் துறை, சேப்பாக்கம், சென்னை.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். 1982-இல் நில அளவராகப் பணியில் சேர்ந்து 2016-இல் குறுவட்ட அளவராக ஓய்வு பெற்றவன் நான். முப்பத்து நான்கு ஆண்டுகள் பிறர் வயலிலும் தோப்பிலும் கொல்லையிலும் நடந்து சம்பளம் வாங்கியிருக்கிறேன். சங்கிலி இழுத்த காலத்தில் தொடங்கி, மூன்று கால் தாங்கியில் மின்னணுக் கருவியை நிறுத்தி எண்களைப் படித்த காலத்தில் முடித்தேன். இப்போது என் தகப்பனார் விட்டுச்சென்ற இரண்டு ஏக்கர் சொச்சத்தில் வாழை வைத்திருக்கிறேன். வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று பார்த்தவன் என்ற ஒரே தகுதியில் இந்த மடலை எழுதுகிறேன்.

சென்ற தை மாதம் உறவினர் வீட்டுத் திருமணத்துக்குப் போய் இரண்டு நாள் கழித்துத் திரும்பியபோது, என் தோட்டத்தின் நடுவே சிவப்புச் சாயம் பூசிய ஐந்து மரமுளைகள் அடிக்கப்பட்டிருந்தன. மூன்று புலங்கள் (தனி அளவை எண் பெற்ற நிலத்துண்டுகள்) கூடும் இடத்தில் இருக்கும் கல்லின் தலையில் வெள்ளைச் சாயத்தில் ஓர் எண் எழுதியிருந்தது. கருவிக்குப் பார்வைக்கோடு கிடைப்பதற்காக ஒன்பது வாழைகளைச் சாய்த்திருந்தார்கள். அவற்றில் நான்கு தார் தள்ளியவை. பக்கத்து வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்ணிடம் கேட்டேன். "நாலு பசங்க வந்தாங்கண்ணே, மஞ்சச் சட்டை போட்டிருந்தாங்க. யாருன்னு கேட்டதுக்கு கவர்ன்மென்ட் வேலைன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க" என்றார். கிராம நிர்வாக அலுவலருக்குத் தெரியவில்லை. வட்ட அலுவலகத்தில் விசாரித்தேன். நான் வேலை பார்த்த துறையைச் சேர்ந்த பிள்ளைகளுக்கே தெரியவில்லை. ஒரு மாதம் கழித்துத்தான், புறவழிச்சாலை ஒன்றுக்காக ஏதோ ஒரு தனியார் ஆலோசனை நிறுவனத்தின் ஆட்கள் எடுத்த முதற்கட்ட அளவை அது என்று டீக்கடையில் கேள்விப்பட்டேன்.

சாலை வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. அளவையும் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னால் நான் தின்ற சோற்றுக்குத் துரோகம். நான் கேட்பது ஒன்றுதான். தமிழ்நாட்டில் ஒருவருடைய நிலத்துக்குள் அளப்பதற்காக யார் நுழையலாம், எப்போது நுழையலாம், யாரிடம் சொல்லிவிட்டு நுழைய வேண்டும், சேதம் வந்தால் யார் எப்போது பணம் தர வேண்டும் என்பதை எல்லா அளவைக்கும் பொதுவாக ஒரே இடத்தில், சாதாரணத் தமிழில், சட்டமாக எழுதிவையுங்கள்.

இப்போது அது எழுதப்படாமல் இல்லை. பல இடங்களில், பல அளவுகோல்களில் எழுதப்பட்டிருக்கிறது என்பதுதான் சிக்கல்.

நம் துறையின் தாய்ச் சட்டமான 1923-ஆம் ஆண்டின் நில அளவை மற்றும் எல்லைகள் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். அரசு ஒரு நிலப்பகுதியை அளக்க ஆணையிட்டால், 6-ஆம் பிரிவின்படி அளவை அலுவலர் ஓர் அறிவிக்கை வெளியிட வேண்டும். நிலத்தில் உரிமை உள்ளவர்கள் நேரிலோ முகவர் மூலமோ வந்து எல்லைகளைக் காட்ட வேண்டும் என்று அதில் அழைக்க வேண்டும். அந்த அறிவிக்கை வெளியானால், உரிமை உள்ள ஒவ்வொருவருக்கும் முறைப்படி அறிவிப்புத் தந்ததாகவே கொள்ளப்படும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. தண்டோரா போட்டால் ஊர் முழுவதும் காது கொடுத்துக் கேட்ட காலத்தில் இது நியாயமான ஏற்பாடுதான். மிராசுதாரரும் குடியானவரும் நிலம் இருக்கும் ஊரிலேயே இருந்தார்கள். இன்று பட்டாதாரர் அம்பத்தூரிலோ அபுதாபியிலோ இருக்கிறார். அறிவிக்கை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டப்பட்டு, அதன்மேல் கோயில் திருவிழாச் சுவரொட்டி ஒட்டப்பட்டு, மழையில் இரண்டும் சேர்ந்து உரிந்து விழுகிறது. சட்டத்தின் கண்ணில் அவருக்கு அறிவிப்புக் கிடைத்துவிட்டது.

இது சிறு விஷயமும் அன்று. அதே சட்டத்தின் 11-ஆம் பிரிவில் மேல்முறையீட்டுக்கு மூன்று மாதம். 13-ஆம் பிரிவின்படி அளவை முடிந்ததாக அறிவிக்கப்பட்டால் அந்தப் பதிவு எல்லை சரியாகத் தீர்மானிக்கப்பட்டதற்கு முடிவான சான்று. 14-ஆம் பிரிவின்படி உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போக மூன்று ஆண்டு. அளக்க வந்த நாளில் நிலத்துக்காரர் உடன் இருந்தாரா இல்லையா என்பதில்தான் இந்தக் கெடுக்கள் எல்லாம் அவருக்குப் பயன்படுமா, தெரியாமலே கழிந்துபோகுமா என்பது இருக்கிறது. யு.டி.ஆர். என்று ஊரெங்கும் பேசப்பட்ட நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் 1979 முதல் 1987 வரை நடந்தது. அதன் பிற்பகுதியில் நானும் வேலை பார்த்தேன். அந்தக் காலப் பிழைகளைத் திருத்தக் கோரும் மனுக்கள் இன்றும் கோட்டாட்சியர் அலுவலகங்களில் வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றில் எத்தனை என் கையெழுத்தில் பிறந்தவையோ என்று நினைக்கும்போது தூக்கம் வருவதில்லை. அளவு பிழையானது கொஞ்சம். ஆள் இல்லாத நேரத்தில் பக்கத்து நிலத்துக்காரர் காட்டிய வரப்பை நம்பி எழுதியதுதான் அதிகம்.

இதற்கு நேர் எதிரான நல்ல முன்மாதிரியும் நம் சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. நிலம் கையகப்படுத்தல், மறுவாழ்வு மற்றும் மறுகுடியமர்வு குறித்த 2013-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்தின் 12-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். எவ்வளவு நிலம் எடுக்க வேண்டும் என்பதை முடிவு செய்வதற்காக, அதிகாரம் பெற்ற அலுவலரும் அவருடைய ஆட்களும் நிலத்துக்குள் சென்று அளக்கலாம், மட்டம் எடுக்கலாம், அடிமண்ணைத் துளையிட்டுப் பார்க்கலாம், குறி நடலாம், தேவையானால் பயிரையும் வேலியையும் புதரையும் வெட்டலாம். ஆனால் இவற்றை நில உரிமையாளரோ அவர் எழுத்து மூலம் அதிகாரம் அளித்தவரோ இல்லாத நேரத்தில் செய்யக் கூடாது. உரிமையாளர் வராவிட்டால், அளவைக்குக் குறைந்தது 60 நாள் முன்பாக அறிவிப்புக் கொடுத்து அவர் உடன் இருக்க வாய்ப்பு அளித்த பிறகே அளக்கலாம். கட்டடத்துக்குள்ளோ வீட்டை ஒட்டிய அடைப்புள்ள முற்றத்துக்குள்ளோ தோட்டத்துக்குள்ளோ போவதானால், குடியிருப்பவரின் சம்மதம் வேண்டும். அது இல்லையென்றால் குறைந்தது ஏழு நாள் முன்பாக எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அடுத்த 13-ஆம் பிரிவு, சேதத்துக்கான பணத்தை நுழையும் நேரத்திலேயே கொடுக்க வேண்டும் அல்லது கொடுக்க முன்வர வேண்டும் என்கிறது. வீட்டுக்கு ஏழு நாள் அறிவிப்பு என்பது 1894-ஆம் ஆண்டின் நிலமெடுப்புச் சட்டத்திலேயே இருந்தது. வெள்ளைக்காரன் வீட்டு வாசலுக்குக் காட்டிய மரியாதையை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் வயலுக்கும் நீட்டியது என்று சொல்லலாம்.

இவ்வளவு நல்ல பிரிவு யாருக்குப் பயன்படுகிறது என்று பார்த்தால்தான் வருத்தம் வருகிறது. நம் ஊரில் நிலத்தைத் தொடும் பெரிய திட்டங்கள் பலவும் இந்தச் சட்டத்துக்கு வெளியே நிற்கின்றன. தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம், ரயில்வே சட்டம், 1962-ஆம் ஆண்டின் பெட்ரோலியக் குழாய்கள் சட்டம் போன்றவை 105-ஆம் பிரிவின் கீழ் நான்காம் அட்டவணையில் விலக்குப் பெற்றவை. இழப்பீடு, மறுவாழ்வு பற்றிய பகுதிகள் மட்டும் 2015-இல் அவற்றுக்கும் நீட்டிக்கப்பட்டன. அளவைக்கு நுழையும்போது காட்ட வேண்டிய மரியாதை நீட்டிக்கப்படவில்லை. தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தின் 3பி பிரிவு, நிலம் எடுக்கும் நோக்கத்தைத் தெரிவிக்கும் 3ஏ அறிவிக்கை வந்த பிறகு மத்திய அரசால் அதிகாரம் அளிக்கப்பட்ட 'எவரும்' ஆய்வு செய்யலாம், அளக்கலாம், துளையிடலாம், குறி வைக்கலாம் என்கிறது. 60 நாளும் இல்லை, ஏழு நாளும் இல்லை, உரிமையாளர் உடன் இருக்க வேண்டும் என்ற பேச்சும் இல்லை. நம் மாநிலமும் பின்தங்கவில்லை. தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம், தொழில் நோக்கங்களுக்கான நிலமெடுப்புச் சட்டம், ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்கான நிலமெடுப்புச் சட்டம் ஆகிய மூன்றையும் 105ஏ என்ற தனிப் பிரிவால் விலக்கி வைத்துக்கொண்டோம். அதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2019 ஜூலையில் செல்லாதென்றபோது, அதே மாதமே சட்டமன்றத்தில் புதிய மசோதாவை நிறைவேற்றி, ஆண்டு முடிவதற்குள் குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு உயிர்கொடுத்தோம். 2021-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. அது சட்டப்படி சரி. ஆனால் ஒரே வரப்பின் இந்தப் பக்கத்து வயலுக்கு 60 நாள் அறிவிப்பும், அந்தப் பக்கத்து வயலுக்கு மஞ்சள் சட்டையும் என்ற நிலை எந்த நியாயத்தில் சேரும் என்று எனக்கு விளங்கவில்லை.

அந்த 'எவரும்' என்ற சொல்லில் இன்னும் கொஞ்சம் நிற்க வேண்டும். என் காலத்தில் அளக்க வருகிறவர் என்றால் சர்வேயர், செயின்மேன், தலையாரி. கூடவே கிராம நிர்வாக அலுவலர் வருவார். மூன்று பேர் முகமாவது ஊருக்குத் தெரியும். இன்று அளவை ஒப்பந்தத்தில் போகிறது; ஒப்பந்ததாரர் உள் ஒப்பந்தம் விடுகிறார்; வயலில் வந்து நிற்கும் இளைஞருக்குத் தன் கையில் இருக்கும் கருவியின் பெயர் தெரியுமே தவிர, எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் அங்கே நிற்கிறோம் என்பது தெரியாது. அவரைக் குறைசொல்லி என்ன செய்வது? யாரும் அவருக்குச் சொல்லவில்லை. ஆனால் நிலத்துக்காரரின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். வந்தவர் அதிகாரம் பெற்றவர் என்றால், அவரை வழிமறிப்பது அரசு ஊழியரைக் கடமை செய்யவிடாமல் தடுத்ததாகும் என்று வழக்கு வரலாம். பழைய தண்டனைச் சட்டத்தில் 186, 353 என்று நாம் கேட்டுப் பழகியவை இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 221, 132 ஆக இருக்கின்றன. வந்தவர் அதிகாரம் இல்லாதவர் என்றால், அவரே அத்துமீறி நுழைந்தவர். தடுப்பதற்கு நிலத்துக்காரருக்கு முழு உரிமை உண்டு. தடுத்தவர் குற்றவாளியா, உரிமையைக் காத்தவரா என்பதை முடிவு செய்வது வந்தவர் சட்டைப்பையில் இருக்கிற, பெரும்பாலும் இல்லாத, ஒரு தாள். அந்தத் தாளைக் கேட்கும் உரிமை தனக்கு உண்டா என்பதுகூட விவசாயிக்குத் தெரியாது. கேட்டால் கோபப்படுகிறார்கள்.

சென்னை–சேலம் எட்டுவழிச் சாலைக்காக 2018-இல் காஞ்சிபுரம் தொடங்கிச் சேலம் வரை ஐந்து மாவட்டங்களில் போலீஸ் காவலோடு கல் நட்டபோது, வயலில் விழுந்து அழுத பெண்களைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தோம். அந்த வழக்கின் முடிவு இரண்டு பக்கமும் போயிற்று: 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அறிவிக்கைகளை ரத்து செய்தது, 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் 3ஏ அறிவிக்கைகளைச் செல்லும் என்றது, ஆனால் கையகப்படுத்துவதற்கு முன்பே வருவாய்ப் பதிவேடுகளில் பெயர் மாற்றியதை உச்ச நீதிமன்றமும் ஏற்கவில்லை. கேரளத்தில் வேகரயில் திட்டத்துக்காக மஞ்சள் கல் நட்ட கதையும் இதே மாதிரிதான். அளவையைத் தடுக்க 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. வழக்கில் வென்ற அரசு, ஊரில் கல் நட முடியாமல், அதே ஆண்டு மே மாதம் புவிக்குறியீட்டு முறைக்கு மாறியது. கேரளத்தின் 1961-ஆம் ஆண்டு அளவைச் சட்டமும் நம் 1923-ஆம் ஆண்டுச் சட்டமும் ஒரே சாயலில் எழுதப்பட்டவை என்பதைப் படித்தவர்கள் அறிவார்கள். நீதிமன்றத்தில் போதுமானதாக இருந்த அறிவிப்பு வயலில் போதவில்லை.

அறிவிப்பு யாருக்கு என்ற கேள்வியில் துறை இன்னும் கவனம் செலுத்த வேண்டும். 2013-ஆம் ஆண்டுச் சட்டம்கூட வயலைப் பொறுத்தவரை உரிமையாளரைத்தான் பேசுகிறது; குடியிருப்பவரைப் பற்றி வீட்டுக்கு மட்டும்தான் பேசுகிறது. நம் டெல்டா மாவட்டங்களில் நிலம் கோயிலுடையதாகவும் மடத்துடையதாகவும் இருக்கிறது. நாற்று நட்டவர் குத்தகைதாரர். பட்டாவில் இருப்பது சாமியின் பெயர். சாமிக்கு அறிவிப்புப் போய்ச் சேரும், செயல் அலுவலர் அதைக் கோப்பில் வைப்பார், பால் பிடித்த கதிரில் முக்காலி நிற்கும். சேதம் யாருக்கு? 1955-ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும், 1969-ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டமும் குத்தகைதாரரை ஆளாக மதிக்கின்றன. நம் அளவை நடைமுறை அவரை மதிக்கவில்லை. பதிவு செய்யாத வாய்மொழிக் குத்தகையைப் பற்றி நான் பேசவே தொடங்கவில்லை.

இறந்தவர்களுக்கு அனுப்பும் அறிவிப்பு இன்னொரு கூத்து. பாட்டனார் பெயரில் பட்டா இருக்கும். அவர் போய் நாற்பது ஆண்டு ஆகியிருக்கும். பேரப்பிள்ளைகள் பாகம் பிரித்து உழுதுகொண்டிருப்பார்கள், பட்டா மாற்றியிருக்க மாட்டார்கள். என் பணிக்காலத்தில் இப்படி அறிவிப்புக் கொண்டுபோன தலையாரி ஒருவர், 'சம்பந்தப்பட்டவர் இல்லை' என்று எழுதித் திருப்பியதை, வீட்டில் இல்லை என்று பொருள்கொண்டு அளவையை நடத்திய மேலதிகாரியை எனக்குத் தெரியும். நிலத்தை அனுபவத்தில் வைத்திருக்கிறவரின் கையில் ஒரு நகல் கொடுக்க வேண்டும் என்ற ஒரு வரி இருந்திருந்தால் அந்த வேடிக்கை நடந்திருக்காது.

இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு, வேலியைப் பூட்டிக்கொள்ளும் உரிமையை இவன் கேட்கிறான் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். பூட்டிய வேலியால் பட்ட பாடும் எனக்குத் தெரியும். ஒரு புலத்தின் எல்லையை அந்தப் புலத்துக்குள் நின்று மட்டும் காட்டிவிட முடியாது என்பதைப் பொதுமக்கள் பலர் அறிவதில்லை. புலப்படத்தில் உள்ள கோடுகளைத் தரையில் கொண்டுவர, அசையாமல் இருக்கும் பழைய கற்கள் சிலவற்றைப் பிடிக்க வேண்டும். மூன்று புலங்கள் சந்திக்கும் கல் கிடைத்தால்தான் நிம்மதி. அந்தக் கல் பெரும்பாலும் அடுத்தவர் நிலத்தில், சில சமயம் அதற்கும் அடுத்தவர் வீட்டுக் கொல்லையில், இருக்கும். கணவனை இழந்த ஒரு பெண்மணிக்கு நாற்பது சென்ட் நிலம் இருந்தது. எல்லை காட்டக் கோரிப் பணம் கட்டியிருந்தார். கல் இருந்த இடம் பக்கத்து நிலத்துக்காரர் புதிதாகக் கட்டிய மதில் சுவருக்குள். ஐந்து முறை போனேன். நாயை அவிழ்த்துவிட்டார், ஊரில் இல்லை என்று சொல்லச் சொன்னார், வழக்கறிஞரைக் கூட்டிவந்து 'எந்தச் சட்டத்தில் என் காம்பவுண்டுக்குள் வருகிறாய்' என்று கேட்டார். துறைக் கையேட்டையும் சுற்றறிக்கையையும் காட்டினேன், அவர் சிரித்தார். ஆறாம் முறை போவதற்குள் எனக்கு மாறுதல் வந்துவிட்டது. அந்த அம்மாள் கடைசியில் நிலத்தை மதில் கட்டியவருக்கே விற்றுவிட்டுப் போனதாகப் பின்னால் கேள்விப்பட்டேன்.

எல்லை காட்டக் கோரும் சாதாரண விண்ணப்பம்தான் நம் அளவர்களின் அன்றாட வேலை. அரசு ஆணையிட்டு நடத்தும் பேரளவைக்கு 1923-ஆம் ஆண்டுச் சட்டம் விரிவாக வழி சொல்கிறது. அன்றாட வேலையில் அடுத்தவர் நிலத்துக்குள் நுழைவதற்கு அளவர் கையில் இருப்பது நல்ல வார்த்தை மட்டும்தான். அது பலிக்காதபோது விண்ணப்பதாரர் உயர் நீதிமன்றம் போய், போலீஸ் பாதுகாப்போடு அளக்க உத்தரவு வாங்கி வருகிறார். அரை ஏக்கருக்கு எல்லை காட்ட ஒரு நீதிப்பேராணை என்பது எவ்வளவு பெரிய வீண்செலவு! வெளிப்படையாகவே சொல்கிறேன்: இந்தத் தெளிவின்மையில் காசும் புரள்கிறது. அளவர் வருவதற்கு ஒருவர் கொடுக்கிறார், வராமல் இருப்பதற்கு இன்னொருவர் கொடுக்கிறார். அதிகாரமும் கடமையும் எழுத்தில் இருந்தால் இரண்டு பேருக்கும் கொடுக்க வேண்டிய அவசியம் குறையும். ஆகவே நான் கேட்கும் சட்டம் அளவரைக் கட்டுப்படுத்தும் அளவுக்கு அவருக்குக் கதவும் திறந்துவிட வேண்டும்.

பயிர்ச் சேதத்தைப் பற்றிக் கொஞ்சம் தொழில் சார்ந்து சொல்ல வேண்டியிருக்கிறது. சங்கிலிக் காலத்தில் நேர்கோட்டில் எது நின்றாலும் வெட்டினோம். மின்னணுக் கருவி வந்த பிறகும் கருவிக்கும் கண்ணாடிக் கம்பத்துக்கும் இடையில் பார்வை தடைபடக் கூடாது. செயற்கைக்கோள் வழி அளக்கும் கருவிக்கு இந்தத் தொல்லை இல்லை என்பார்கள். அடர்ந்த தென்னந்தோப்புக்குள்ளும் பாக்குத் தோப்புக்குள்ளும் நிறுத்திப் பார்த்தவர்களுக்கு, ஓலைக்கூரையின் கீழ் அதற்குச் சரியாகக் கண் தெரியாது என்பது தெரியும். ஆனாலும் கோட்டைச் சற்று விலக்கி, இரண்டு நிலைகள் கூடுதலாக வைத்தால், பெரும்பாலான மரங்களைக் காப்பாற்றிவிடலாம். அதற்கு அரைநாள் ஆகும். வெட்டினால் அரை மணி நேரம். சேதத்துக்குப் பணம் கொடுக்க வேண்டியது தானல்ல என்று தெரிந்தவர் எந்த வழியைத் தேர்ந்தெடுப்பார்? குழாய்கள் சட்டமும், மின்கம்பிகளுக்கு அடிப்படையாக இருந்த 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டமும், கூடிய மட்டும் குறைந்த சேதத்தோடு செய்ய வேண்டும் என்று சொல்லத்தான் செய்கின்றன. கொங்கு மண்டலத்தில் எரிவாயுக் குழாய்க்கும் உயர்மின் கோபுரத்துக்கும் நிலம் கொடுத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், அந்த வாக்கியம் வரப்பில் என்ன விலை பெறும் என்று. அன்றைய சேதத்துக்கு அன்றே, நிலத்தில் நின்றே, தோட்டக்கலைத் துறையின் விலைப்பட்டியலை வைத்துக்கொண்டு பணம் தர வேண்டும். அதையும் அளக்க அனுப்பியவரே தர வேண்டும்.

இப்போது வானத்திலிருந்தும் அளக்கிறோம். கிராமக் குடியிருப்புகளுக்காக 2020-இல் தொடங்கிய ஸ்வாமித்வா திட்டமும், நகரங்களுக்காக 2025-இல் தொடங்கிய நக்ஷா திட்டமும் ட்ரோனை நம்பியவை. ட்ரோனுக்கு வேலியும் இல்லை, படலும் இல்லை. இது புதிய கவலை என்று நினைக்க வேண்டாம். ஆங்கிலேய அளவையாளர் லாம்டன் 1802-இல் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய இந்தியப் பெரும் முக்கோண அளவையில், குன்றிலும் மாடியிலும் தொலைநோக்கி வைத்தபோது வீட்டுப் பெண்களைப் பார்க்கிறார்கள் என்று ஊரார் முறையிட்டதும் வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. (அவருடைய அரை டன் கருவி 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து மோதிச் சேதமானது, எங்கள் தலைமுறை அளவர்கள் அதைச் சொல்லிச் சிரிப்போம்.) கொல்லையில் குளிக்கும் வழக்கம் இன்னும் இருக்கிற ஊர்களில், பறக்கும் நாளையும் நேரத்தையும் முன்கூட்டித் தெரிவிப்பது பெரிய சலுகை அன்று.

இவ்வளவு நிபந்தனை வைத்தால் திட்டங்கள் நின்றுபோகும் என்று துறையில் சிலர் சொல்வார்கள். நமக்கு 1894-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் கொடுத்துவிட்டுப் போன இங்கிலாந்தில், கையகப்படுத்தும் யோசனைக்காக நிலத்தை அளக்க நுழைவதற்கு 2016-ஆம் ஆண்டின் வீட்டுவசதி மற்றும் திட்டமிடல் சட்டம் குறைந்தது 14 நாள் முன்னறிவிப்புக் கேட்கிறது. உள்ளே விட மறுத்தால் நீதித்துறை நடுவரிடம் ஆணை வாங்கிக்கொண்டு போக வேண்டும். சேதத்துக்கு இழப்பீடு உண்டு. அங்கே ரயில் பாதை போடாமல் இருக்கவில்லை. 60 நாள் என்பது அன்றாட எல்லை அளவைக்கு மிகவும் அதிகம் என்பதை நானே ஒப்புக்கொள்கிறேன். அதற்குப் பதினைந்து நாள் போதும். உச்ச நீதிமன்றம் 2024 மே மாதத்தில் கொல்கத்தா மாநகராட்சி வழக்கில், அரசியலமைப்பின் 300ஏ பிரிவு தரும் சொத்துரிமைக்குள் ஏழு உரிமைகள் அடங்கும் என்று வரிசைப்படுத்தியபோது, முதலில் வைத்தது அறிவிப்புப் பெறும் உரிமையைத்தான். நிலத்தை எடுக்கும்போது சொன்னது அது. எடுப்பதற்கான முதல் அடியே அளவைதான் என்பதால் அந்த அடிக்கும் அது பொருந்த வேண்டும் என்பது என் எண்ணம்.

எனவே 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தில் நுழைவு பற்றி ஒரு தனி அத்தியாயம் சேர்க்கும் திருத்த மசோதாவைச் சட்டமன்றத்தில் கொண்டுவரத் துறை முன்முயற்சி எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அரசு அளவர், உரிமம் பெற்ற தனியார் அளவர், திட்டத்துக்காக வரும் ஒப்பந்த ஆள் ஆகிய எல்லோருக்கும் அது பொருந்த வேண்டும். புல எண், நோக்கம், நாள், வருகிறவரின் பெயர், அனுப்பிய அலுவலகம், சட்டப்பிரிவு ஆகியவை தமிழில் அச்சிட்ட அறிவிப்பு, பட்டாதாரருக்கும் அனுபவத்தில் இருப்பவருக்கும் தனித்தனியே போய்ச் சேர வேண்டும். பட்டாவோடு கைப்பேசி எண்ணை இணைத்துக்கொண்டிருக்கும் இந்த நாளில் அது முடியாத வேலை அன்று. சூரியன் மறைந்த பிறகு நுழையக் கூடாது. அறிவிப்பு முறைப்படி கொடுத்த பிறகும் அடுத்த நிலத்துக்காரர் தடுத்தால், வட்டாட்சியர் ஒரு வாரத்துக்குள் எழுத்தில் ஆணையிட்டு, கல் இருக்கும் இடம் வரை மட்டும், அளவைக்கு வேண்டிய நேரம் மட்டும், நுழைய அனுமதிக்க வேண்டும். அறிவிப்பு இல்லாமல் நட்ட குறிக்குச் சட்டத்தில் மதிப்பு இல்லை என்று ஒரு வரி இருந்தால், மற்ற வரிகளை எல்லாம் அது காப்பாற்றும். மத்தியச் சட்டங்களின் கீழ் நடக்கும் அளவையை மாநிலம் நேரடியாகக் கட்டுப்படுத்த முடியாது என்பதை அறிவேன். ஆனால் அந்தத் திட்டங்களுக்கும் புலப்படமும், ஒவ்வொரு புலத்தின் விவரமும் எழுதிய அ-பதிவேடும் கிராம நிர்வாக அலுவலரும் நீங்கள் கொடுப்பவைதான். கொடுக்கும்போது இந்த நடைமுறையை நிபந்தனையாக வையுங்கள். மசோதா வருவதற்குக் காலம் ஆகும் என்றால், அதுவரை ஓர் அரசாணையாவது போதும்.

ஒரத்தநாட்டுப் பயிற்சி நிலையத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குக் கருவியைக் கையாளச் சொல்லிக்கொடுக்கிறோம். படலைத் திறப்பதற்கு முன் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது, பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், முள்வேலியை விலக்கிக்கொண்டு உள்ளே போன என்னையும் செயின்மேனையும் நிறுத்திய ஒரு கிழவி. "அளந்துக்க சாமி, வேணாங்கல. உள்ள வர்றதுக்கு முன்னாடி ஒரு கொரல் குடுத்தா கொறஞ்சா போயிருவ?" என்று கேட்டார். அதன் பிறகு நான் குரல் கொடுக்காமல் எந்த வேலியையும் தாண்டியதில்லை என்று எழுத ஆசைதான், பலமுறை தாண்டியிருக்கிறேன். கணக்கு முடிக்க மார்ச் நெருங்கும்போது எல்லோரும் தாண்டுவோம்.

என் தோட்டத்தில் அடித்த ஐந்து முளைகளும் இன்னும் அப்படியே இருக்கின்றன. அளவைக் குறியைப் பிடுங்கக் கூடாது என்பது கை பழகிவிட்டது; வாழைக்கு நீர் பாய்ச்சும்போதும் அவற்றைச் சுற்றித்தான் வாய்க்கால் ஒதுக்குகிறேன். அவை யாருடையவை, எந்த ஆணையின் கீழ் அடிக்கப்பட்டவை என்று வட்ட அலுவலகத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனுக் கொடுத்து வைத்திருக்கிறேன். பதில் வரும்போது இந்த மடலுக்கும் ஒரு பதில் சேர்ந்து வரும் என்று எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்குத் தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற குறுவட்ட அளவர் ஒருவர்